யாருக்காக இந்த மாத்திரை

ரெங்கராஜுக்கு மனைவி மேல் சந்தேகம் வந்து மூன்று மாதம் ஆகிறது. சந்தேகம் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. புதுக் குடித்தனக்காரன் முதலில் ஒரு பாயை மட்டும் கொண்டுவந்து போடுவான். அப்புறம்தான் கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் ஏறும். ரெங்கராஜின் மண்டைக்குள் இப்போது கால் வைக்க இடமில்லை.

ஆள் கெட்டவன் இல்லை. பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். சொந்த ஊர் வையம்பட்டி. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு மாடிப் போர்ஷனில் பதினைந்து வருஷக் குடித்தனம். மனைவி மட்டுவார்குழலி, எல்லோருக்கும் குழலி, ஒரு தனியார் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறாள். ஒரே மகள் தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஆக வீட்டில் இரண்டே பேர். ஒருத்தரை ஒருத்தர் வேவு பார்க்க இதைவிட வசதி வேண்டுமா?

அவனிடம் சாட்சியங்கள் இருந்தன. சனிக்கிழமை மத்தியானம் குழலி தில்லை நகர் போனாள். கேட்டால் டெய்லர் கடை என்றாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. தைத்த ஜாக்கெட் ஒன்றுகூட வீடு வந்து சேரவில்லை. அப்புறம் காலையில் எழுந்திருக்கும்போது கொஞ்சம் தள்ளாடினாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்லைங்க, தூக்கம் சரியில்லை" என்றாள். படுத்தால் அடித்துப் போட்டதுபோலத் தூங்குகிறவளுக்கு எப்படித் தூக்கம் சரியில்லாமல் போகும்?

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சியம் வேறு. அதை அவன் யாரிடமும் சொல்ல முடியாது. இரண்டு வருஷமாகக் குழலி சுவரைப் பார்த்துத்தான் படுப்பாள். அந்த நினைப்பே அவளை விட்டுப் போய்விட்டது. ஆரம்பத்தில் அவளே ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எனக்கு மனசே ஓடலைங்க. ஏன்னே தெரியலை. உங்க மேல ஒரு குறையும் இல்லை." அதற்கு இவன் என்ன கேட்டான் தெரியுமா? "எங்கிட்ட மட்டும்தான் ஓடலையா?" என்று கேட்டான். அன்றைக்கு மூடிய வாயை அவள் அந்த விஷயத்தில் திறக்கவில்லை. நாக்கில் நரம்பில்லாமல் ஒரு வார்த்தை. அதைச் சொன்னதே அவனுக்கு மறந்துபோய்விட்டது.

அப்படிப்பட்டவள் போன மாதம் ஒரு ராத்திரி இந்தப் பக்கம் திரும்பினாள். அவன் நெஞ்சின் மேல் கையை வைத்தாள். வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பான். ரெங்கராஜோ கணக்குப் போட ஆரம்பித்தான். இரண்டு வருஷம் இல்லாத ஆசை இப்போது எங்கிருந்து வந்தது? எவன் கிளப்பிவிட்டது? "தூக்கம் வருது" என்று சொல்லி அந்தக் கையை எடுத்து அப்பால் வைத்தான். குழலி மறுபடியும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றப் பட்டறையில் சவரிராஜ் இருந்தான். கூடவே வேலை பார்க்கிறவன். தன் வீட்டில் அரிசி இருக்கிறதா இல்லையா என்று தெரியாது, அடுத்தவன் வீட்டு அடுப்படியில் என்ன கொதிக்கிறது என்று மட்டும் அத்துப்படி. கேன்டீனில் டீ குடிக்கும்போது பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னான்.

"பொம்பளை மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருந்தா பயப்படாத ரெங்கராஜு. திடீர்னு சந்தோஷமா ஆயிட்டான்னு வையி, அப்பத்தான் நாம உஷாரா இருக்கணும்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ரெங்கராஜுக்கு அன்றிலிருந்து குழலி தலையில் வைத்த பூகூடப் பேயாகத் தெரிந்தது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், சந்தேகப்பட்டுக்கொண்டே அவன் அவளைக் கவனித்துக்கொள்ளவும் செய்தான். தள்ளாட்டத்தைப் பற்றி வையம்பட்டியில் இருக்கும் அம்மா மயிலம்மாளிடம் போனில் கேட்டான். "உடம்புல ரத்தம் இல்லைடா. அரிஷ்டம் வாங்கிக் குடு. பொம்பளைங்களுக்கு அதுதான் கைகண்ட மருந்து" என்றாள் அம்மா. காந்தி மார்க்கெட் பக்கத்தில் நாட்டு மருந்துக் கடையில் பெரிய பாட்டிலாக வாங்கி வந்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனே மூடியில் அளந்து கொடுப்பான். குழலி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துவிடுவாள். அக்கறையாகச் செய்கிறாரே என்று வாங்கிக்கொள்வாள். காலையில் தள்ளாட்டம் குறையவில்லை, கொஞ்சம் கூடினதுபோலக்கூட இருந்தது. ஆகவே ரெங்கராஜ் மூடியின் எண்ணிக்கையைக் கூட்டினான். மருந்து பத்தவில்லை என்றால் எந்தப் புருஷனும் அதைத்தானே செய்வான்?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏகாதசி. குழலி விரதம். தண்ணீரும் ஒரு வாழைப்பழமும் தவிர வேறொன்றும் வாயில் படாது. காலையிலேயே குளித்துவிட்டுப் பெரிய கோயிலுக்குக் கிளம்பினாள். கூட்டத்தில் எதற்கு என்று கைப்பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ரெங்கராஜ் அந்தப் பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கதவைத் தாழ் போட்டான். உள் ஜிப்பைத் திருடன்போலச் சத்தமில்லாமல் திறந்தான். சீப்பு, பஸ் பாஸ், ஒரு சின்னப் பெருமாள் படம். அதற்கும் பின்னால் ஒரு மாத்திரை அட்டை. ரோஸ் நிறத்தில் மாத்திரைகள், பாதி காலி. பின்பக்கத்து ஆங்கிலப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தும் ஒன்றும் புரியவில்லை. செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு அட்டையை இருந்த இடத்திலேயே வைத்தான்.

ஸ்ரீரங்கத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஊருக்கே டமாரம் அடித்ததுபோல ஆகிவிடும். பஸ் ஏறிப் பாலம் தாண்டிப் புத்தூருக்குப் போனான். ஆஸ்பத்திரிகளுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மருந்துக் கடையில் கூட்டம் இல்லை. கல்லாவில் இருந்தவர் பெயர் கலீல் என்று சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸ் சொன்னது. போட்டோவைக் காட்டினான்.

"இது டாக்டர் சீட்டு இல்லாம தர மாட்டேங்க" என்றார் கலீல்.

"வாங்க வரலைங்க. எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"யாரு சாப்பிடறாங்க?"

"சொந்தக்காரங்க. ஒரு பொம்பளை."

கலீல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பொம்பளைங்களுக்குச் சில பேருக்குத் தாம்பத்திய ஆசை விட்டுப் போயிடும் இல்லைங்களா, அதுக்குக் குடுக்கறது. டாக்டர் விசாரிச்சுப் பார்த்துத்தான் எழுதுவாங்க. ராத்திரி படுக்கப் போறப்ப மட்டும்தான் போடணும். பகல்ல போட்டா தலையைச் சுத்தும். முக்கியமா இதோட மது சேரவே கூடாது. பிரஷர் இறங்கி அப்படியே மயங்கி விழுந்துடுவாங்க. அவங்ககிட்ட சொல்லி வையுங்க."

"எங்க ஆளுங்கள்ல அந்தப் பழக்கமெல்லாம் யாருக்கும் இல்லைங்க" என்றான் ரெங்கராஜ், கொஞ்சம் ரோஷத்தோடு.

"நல்லது. ஆனா எதைச் சாப்பிட்டாலும் டாக்டரைக் கேட்டுக்கச் சொல்லுங்க."

ரெங்கராஜின் காதில் முதல் பாதிதான் நின்றது. ஆசைக்கு மாத்திரை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ஒரே கேள்வியை மென்றுகொண்டே வந்தான். யாருக்காக? புருஷனுக்காக என்றால் புருஷனிடம் சொல்லியிருப்பாளே. மடியில் கனமில்லாதவள் எதற்குப் பைக்குள் பை வைத்து ஒளிக்கிறாள்? நெஞ்சில் கை வைத்தாளே, அது? கண்ணில் மண்ணைத் தூவுகிற வேலையாக இருக்கும். இப்படி அவனே வக்கீலாகவும் அவனே ஜட்ஜாகவும் இருந்து காவிரிப் பாலம் முடிவதற்குள் தீர்ப்பை எழுதிவிட்டான். ஒரு வார்த்தை அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அழுவாள், மழுப்புவாள், கையும் களவுமாகப் பிடிப்பதுதான் சரி என்று முடிவு செய்தான். பாவி, அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருக்கலாம்.

அன்றிரவு குழலி சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். வெயிலில் நின்ற களைப்பு, நாள் முழுக்கப் பட்டினி.

"ரொம்ப வாடிப் போயிருக்கியே" என்றான் ரெங்கராஜ்.

"நாளைக்குக் காலையில பாரணை பண்ணி விரதத்தை முடிச்சுட்டா சரியாயிடுங்க. இன்னிக்கு அந்த அரிஷ்டம் வேணாமே, வெறும் வயிறா இருக்கு."

"மருந்துக்கு என்ன விரதம்? வெறும் வயித்துலதான் நல்லாப் பிடிக்கும்."

மூடியைத் தேடாமல் டம்ளரிலேயே ஊற்றினான், ஏறக்குறைய நிறைய. அது பாசமா, பரீட்சையா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. இரண்டும் கலந்த ஏதோ ஒன்று. அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான். மருந்து குடித்தபின் படுக்கப் போவாள், அப்போது மாத்திரையை எடுப்பாள், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். குழலி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

ரெங்கராஜ் படுத்துக் குறட்டை விடுவதுபோல நடித்தான். நினைத்தபடியே கொஞ்ச நேரத்தில் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. அட்டையிலிருந்து மாத்திரை பிதுங்கும் சின்னச் சொடுக்கு. தண்ணீர் குடித்தாள். படுத்தாள். பத்து நிமிஷம் போயிருக்கும், எழுந்து உட்கார்ந்தாள். செல்போன் வெளிச்சத்தில் தடவிக்கொண்டு பின்பக்கம் போனாள். அவ்வளவுதான், ரெங்கராஜின் ரத்தம் கொதித்தது. அவனோடு பேசத்தான் போகிறாள். யார் அந்த அவன் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

தடால் என்று ஒரு சத்தம் கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டாள் என்று நினைத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினான். பேச்சுக் குரல் வரவில்லை. கிசுகிசுவென்று பேசுகிறாள் போல என்று இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். பேசட்டும், நன்றாகப் பேசட்டும், அப்புறம் போய்ப் பிடிக்கலாம். பிறகு பூனை மாதிரி அடியெடுத்து வைத்துப் போய் லைட்டைப் போட்டான்.

குழலி பாத்ரூம் வாசலில் கிடந்தாள். நெற்றி ஓரம் நிலைப்படியில் அடிபட்டு ரத்தம் கசிந்திருந்தது. செல்போன் தரையில் டார்ச்சோடு எரிந்துகொண்டிருந்தது. பிடித்துத் தூக்கினால் உடம்பு ஜில்லென்று இருந்தது.

"குழலி! ஏய் குழலி! கண்ணைத் திறடி!"

108-ஐக் கூப்பிட்டதும் ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் அவனுக்கு நினைவில் ஒழுங்காக இல்லை. புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நின்றுகொண்டிருந்தான். டாக்டர் கேத்தரின், சின்ன வயதுதான், பிரஷர் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். இரண்டாவது தடவையும் பார்த்தார்.

"பிரஷர் ரொம்ப இறங்கியிருக்கு. வாயில வாசனை வருதே. இவங்க டிரிங்க்ஸ் எடுப்பாங்களா?"

ரெங்கராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நிலைமையிலும் அவன் புத்தி எங்கே போயிற்று பாருங்கள்: குடிக்கவும் பழகிவிட்டாளா? ஒரு வினாடிதான். அதற்குள் டாக்டர் அடுத்த கேள்விக்குப் போயிருந்தார்.

"கடைசியா என்ன சாப்பிட்டாங்க?"

"ஒண்ணும் சாப்பிடலைங்க. விரதம். ராத்திரி அரிஷ்டம் மட்டும் குடுத்தேன்."

"எவ்வளவு?"

"ஒரு டம்ளர்."

"டம்ளரா? அரிஷ்டம் புளிக்க வச்சுச் செய்யறதுங்க. அதுலயே மதுச் சத்து இருக்கு. வெறும் வயித்துல ஒரு டம்ளர்..." என்றவர், "இருந்தாலும் இவ்வளவு இறங்காதே. வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. தெரிஞ்சாத்தான் சரியா பார்க்க முடியும்" என்று அவனையே பார்த்தார்.

மருந்துக் கடைக்காரர் சொன்னது முழுக்க இப்போதுதான் அவன் காதுக்குள் வந்து சேர்ந்தது. மது சேரவே கூடாது. அப்படியே மயங்கி விழுந்துடுவாங்க. சொன்னால் பக்கத்தில் நிற்கிற நர்ஸுகளுக்கெல்லாம் அவன் வீட்டுப் படுக்கையறை தெரிந்துவிடும். சொல்லாவிட்டால்? கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தான். உதடு வெளுத்திருந்தது. செல்போனை எடுத்துப் போட்டோவைத் திறந்து டாக்டரிடம் நீட்டினான். இத்தனை நாளில் அவன் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

விடிந்தபோது குழலி கண்ணைத் திறந்திருந்தாள். நெற்றியில் தையல், கையில் டிரிப்ஸ். டாக்டர் கேத்தரின் டியூட்டி முடிந்து கிளம்பும் முன் வந்து கட்டிலோரம் நின்றார்.

"இப்ப பிரஷர் நார்மல். மாத்திரையை இப்போதைக்கு நிறுத்திடுங்க. எழுதிக் குடுத்த டாக்டரைப் பார்த்து நடந்ததைச் சொல்லிட்டு, அவங்க சொன்னா மட்டும் திரும்ப ஆரம்பிக்கலாம். மாத்திரை தப்பில்லைங்க. கூட என்ன போகுதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அரிஷ்டம், லேகியம், வேற மாத்திரைங்க, எல்லாத்தையும் சொல்லணும்."

"மாத்திரை எழுதிக் குடுத்த தில்லை நகர் நசீரா டாக்டர், குடிப்பீங்களான்னு கேட்டாங்க மேடம்" என்றாள் குழலி மெல்லிய குரலில். "எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சீ சீ, அதெல்லாம் இல்லைன்னு சொன்னேன். அரிஷ்டத்தை யாரு அந்தக் கணக்குல வைப்பாங்க?"

"நிறைய பேர் பண்ற தப்புதான். நல்ல வேளை, உங்க வீட்டுக்காரர் மாத்திரையோட போட்டோவை வச்சிருந்தார். அவர் காட்டலைன்னா எங்களுக்குப் புரியவே நேரமாயிருக்கும். அவருக்கு தேங்க்ஸ் சொல்லுங்க."

டாக்டர் சிரித்துவிட்டுப் போனார். நல்ல மனசோடுதான் சொன்னார். ரெங்கராஜுக்குத் தரை நழுவியது.

குழலி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "போட்டோவா?"

அவன் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"எப்ப எடுத்தீங்க?"

"நேத்து. நீ கோயிலுக்குப் போனப்ப."

"என்ன மாத்திரைன்னு தெரியுமா?"

"மெடிக்கல்ல கேட்டேன்."

"மது ஆகாதுன்னு சொன்னாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் ராத்திரி பார்த்த அந்த வெளுத்த உதடு கண் முன்னால் நின்றது. "சொன்னாங்க" என்றான்.

"எப்பவும் மூடியில ஊத்துவீங்க" என்றாள் குழலி நிதானமாக. "நான் வேணாம்னு சொன்னேன். நேத்து மட்டும் எதுக்கு டம்ளர் நிறைய ஊத்தினீங்க?"

ரெங்கராஜுக்கு அவள் என்ன கேட்கிறாள் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. மாத்திரை தெரியும். மது கூடாது என்று தெரியும். வேண்டாம் என்றவளை வற்புறுத்திப் பக்கத்தில் நின்று குடிக்க வைத்தான். விழுந்த சத்தம் கேட்டும் வராமல் கிடந்தான். ஒவ்வொன்றும் உண்மை. அடுக்கிப் பார்த்தால் அவன் மூன்று மாதமாக அவளுக்கு எதிராகச் சேர்த்த சாட்சியங்களைவிட இது பலமடங்கு பலமாக இருந்தது.

"சத்தியமா எனக்கு அரிஷ்டத்துல அது இருக்கும்னு தெரியாது குழலி. அந்த ரங்கநாதன் மேல சத்தியம்."

"எனக்கும்தான் தெரியாது. உங்களை நம்பணும்னுதான் நினைக்கிறேன்." அவள் கண் கலங்கியது. "இந்த மாத்திரை யாருக்காகன்னு நினைச்சீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதுவே பதிலாகிவிட்டது.

"எனக்காகங்க. என் உடம்பு என்னுதாவே இல்லாம மரத்துப் போன மாதிரி இருந்துச்சு. உங்ககிட்ட சொன்னா என்ன கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும், ஏற்கனவே கேட்டீங்களே. அதான் சொல்லாம போனேன். கொஞ்சம் திரும்பி வர்ற மாதிரி இருந்தப்ப முதல்ல உங்க பக்கம்தான் கை வந்துச்சு. எடுத்து அந்தப் பக்கம் வச்சுட்டீங்க."

ரெங்கராஜ் வாயைத் திறந்தான். மன்னிப்பு என்று ஏதோ சொன்னான், அது அவனுக்கே கேட்கவில்லை. குழலி கண்ணை மூடிக்கொண்டாள். அவன் எழுந்து வெளியே போய் வராந்தாவில் சுவரோடு சாய்ந்து நின்று அழுதான். ஆம்பிளை அழக்கூடாது என்பதெல்லாம் அவனுக்கு அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கினான். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீக்கடை இருந்தது. பால் கொடுக்கலாம் என்று நர்ஸ் ஏற்கனவே சொல்லியிருந்தார். சர்க்கரை அளவாகப் போட்டு ஒரு பால் வாங்கினான். ஆறிவிடாமல் மேலே கொண்டுவந்து, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, அவள் கையில் பேப்பர் கப்பைக் கொடுத்தான்.

குழலி குடிக்கவில்லை. கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். பிறகு அவனிடமே திருப்பி நீட்டினாள்.

"நீங்க முதல்ல ஒரு வாய் குடிங்க."

கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் ஒரே டம்ளரில் காபி குடித்தது ரெங்கராஜுக்கு நினைவு வந்தது. மன்னித்துவிட்டாள் என்று நினைத்தான். முகமெல்லாம் மலர்ந்துபோய்க் கப்பை வாங்கி ஒரு வாய் குடித்தான். குடித்துக்கொண்டே அவளைப் பார்த்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பால் உள்ளே இறங்குகிறதா என்று அவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் விழுங்கினான். அதற்குப் பிறகுதான் அவள் கையை நீட்டினாள்.